புகை இல்லாத மாதத்தில் கேட்போம்



இந்த மாதம் வானம் தெளிவாக இருக்கிறது. காலையில் கொடியில் போட்ட துணி மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. பிள்ளைகள் பள்ளித் திடலில் ஓடியாடுகிறார்கள். புகைமூட்டம் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இப்போதே அதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

பருவநிலை மாற்றம் பற்றிப் பேச உலக நாடுகள் ஆண்டுதோறும் கூடுகின்றன. 2023-இல் துபாய், 2024-இல் பாக்கு, 2025-இல் பிரேசிலின் பெலெம். தலைவர்கள் கைகுலுக்குவதைச் செய்தியில் காட்டுகிறார்கள். நாமும் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இது பெரிய நாடுகளின் பேச்சு, நம் வீட்டு அடுப்படிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதானே நினைக்கிறோம்?

மலாக்காவில் இருப்பவர்கள் அப்படி நினைக்கவே முடியாது. மலாக்கா ஜெட்டியில் ஃபெர்ரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சுமத்ராவின் டூமாய் வந்துவிடும். அவ்வளவுதான் இடைவெளி. அங்கே ரியாவ் பக்கம் நிலம் எரிந்தால், ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று அந்தப் புகையை நேராக நம் பக்கம் தள்ளிவிடும்.

2013 ஜூன் மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்து ஊரான மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். ஜூன் 23-ஆம் தேதி மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மெர்லிமாவிலிருந்தும் சுங்கை ரம்பையிலிருந்தும் மூவாருக்கு எவ்வளவு தூரம்? மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிற தூரம். மலாக்காவிலும் பள்ளிகளை மூடினார்கள். 2015-இல் மறுபடியும் மூடினார்கள்.

அந்த நாட்களில் ஒரு சாதாரண வீட்டில் என்ன நடந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நாளைக்குப் பள்ளி இல்லை என்று ராத்திரி செய்தி வருகிறது. அம்மாவுக்குப் பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். அப்பா லாரி ஓட்டுகிறார். பிள்ளைகளை யாரிடம் விடுவது? பாட்டி இருந்தால் தப்பித்தோம். ஆனால் பாட்டிக்கே இழுப்பு. கதவிடுக்கில் ஈரத் துண்டைச் சொருகி, ஜன்னலை எல்லாம் அடைத்து, ஃபேனைச் சுற்றவிட்டு, அந்தப் புழுக்கத்தில் மூன்று பிள்ளைகளை நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும். கடைசிப் பிள்ளைக்கு இருமல் நிற்காவிட்டால் கிளினிக். அங்கே ஏற்கெனவே வரிசை. முகத்தில் நெபுலைசர் மாஸ்க்கைப் பிடித்தால் குழந்தை திமிறி அழும்; அழ அழ இன்னும் மூச்சு வாங்கும். அம்மாவுக்கு அன்றைக்குச் சம்பளம் போனது, கிளினிக்குக்குக் காசும் போனது.

தோட்டத்தில் இருப்பவர்களின் பாடு வேறு. குறியீடு 200-ஐத் தாண்டினால் பள்ளியை மூடலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் செம்பனையில் குலை வெட்டுபவருக்கு டன் கணக்கில்தான் கூலி. வீட்டில் இருந்தால் அன்றைய வருமானம் இல்லை. நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்துத்தான் வெட்ட வேண்டும். மேலே பார்த்தால் கண் எரிகிறது, மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது. அதனால் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வெட்டுகிறார். உதிரிப் பழம் பொறுக்கும் அவர் மனைவியும் அதே புகையில்தான் குனிந்து நிற்கிறார். அவர்களுக்கு யார் லீவு அறிவிப்பது?

இவ்வளவு புகை எங்கிருந்து வருகிறது? மரம் எரிவதால் மட்டும் இல்லை, மண்ணே எரிகிறது. மலாயில் தானா காம்புட் என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் மரமும் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்து, பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்ந்த கரிச் சதுப்பு நிலம் அது. தண்ணீர் நிற்கும் வரை எரியாது. மரம் வெட்டவும் செம்பனை, காகித மரம் நடவும் கால்வாய் தோண்டித் தண்ணீரை வடித்துவிட்டால் அந்த மண் காய்ந்துபோகும். பிறகு ஒரு பொறி போதும். உமி மூட்டம் போட்டவர்களுக்குத் தெரியும், மேலே தீ தெரியாது, உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். இதுவும் அப்படித்தான், ஆனால் வாரக்கணக்கில். ஹெலிகாப்டரிலிருந்து ஊற்றும் தண்ணீர் மேல்மண்ணோடு நின்றுவிடுகிறது. பெருமழை வந்தால்தான் அடங்கும்.

இங்கேதான் நம் வீட்டு இருமலும் உலக மாநாடும் ஒன்றாகின்றன. அந்த மண்ணில் இருப்பதெல்லாம் கரிமம். 1997-இல் இந்தோனேசியக் காடுகளும் சதுப்பு நிலங்களும் எரிந்ததில் 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன் வரை கரிமம் வெளியேறியிருக்கும் என்று விஞ்ஞானிகள் 2002-இல் கணக்கிட்டார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரிப்பதால் ஓர் ஆண்டில் வெளியேறிய அளவில் 13 முதல் 40 விழுக்காடு அது. புகை மழையோடு போய்விடுகிறது. கரிமம் வானத்திலேயே தங்கி வெப்பத்தைக் கூட்டுகிறது. வெப்பம் கூடினால் வறட்சி கடுமையாகும், வறண்ட மண் இன்னும் சுலபமாக எரியும்.

வறட்சி என்றால் என்ன என்று மலாக்காவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றியபோது வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் நிறைய பேர் இருப்பீர்கள். 2020 ஜனவரியிலும் அணைகளில் மட்டம் இறங்கி, முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். நமக்குச் சொந்த ஆறுகள் போதவில்லை. ஜொகூரோடு பேசி மூவார் ஆற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம். அந்த ஏற்பாட்டில் எவ்வளவு தண்ணீர், என்ன விலை என்று அளவு இருக்கிறது. அளவு இருப்பதால் கணக்குக் கேட்க முடிகிறது.

புகைக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 2002 ஜூன் 10-ஆம் தேதி, நம் கோலாலம்பூரிலேயே, ஆசியான் நாடுகள் எல்லை கடக்கும் புகைமூட்டத் தடுப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. 2003-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் எந்த நாட்டில் தீ அதிகமோ அந்த இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் அதை ஏற்றுக்கொண்டது 2014-இல்தான். 12 ஆண்டுகள்! கையெழுத்து நடந்தபோது பிறந்த குழந்தை ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதும் வயதுக்கு வந்துவிட்டது. அதற்குள் எத்தனை புகைமூட்டம் வந்து போனது!

ஏற்றுக்கொண்ட பிறகாவது கடிவாளம் இருக்கிறதா? மீறினால் தண்டனை என்று அந்த ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. ஒருவர் வீட்டு விஷயத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்பது ஆசியானின் பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான், சண்டை இல்லாமல் இருக்க உதவுகிறது. ஆனால் ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குள் வந்த பிறகும் அது அந்த வீட்டு விஷயம் மட்டும்தானா?

இந்தோனேசியாவை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. 2013-இல் அதிபர் யுதோயோனோ சிங்கப்பூரிடமும் மலேசியாவிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஒரு பெரிய நாட்டின் தலைவர் அப்படிச் செய்வது சாதாரணம் இல்லை. 2015-இல் துணை அதிபர் யூசுப் கல்லாவோ, ஆண்டில் 11 மாதம் எங்கள் நல்ல காற்றை அனுபவிக்கிறீர்கள், அதற்கு நன்றி சொல்வதில்லை, ஒரு மாதப் புகைக்குக் குறைப்படுகிறீர்கள் என்ற பொருளில் பேசினார். கேட்டபோது நமக்குக் கோபம் வந்தது. ஆனால் ரியாவிலும் ஜம்பியிலும் இருக்கும் ஏழைத் தாய்மார்கள் நம்மைவிட அதிகப் புகையைக் குடிக்கிறார்கள் என்பதையும் நாம் நினைக்க வேண்டும். 2015-இல் அங்கே எரிந்தது 26 லட்சம் ஹெக்டர். 1,600 கோடி அமெரிக்க டாலர் நட்டம் என்று உலக வங்கி மதிப்பிட்டது.

நம் பக்கமும் குறை உண்டு. 1997-க்குப் பிறகு காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை அரசாங்கம் ரகசியமாக வைத்திருந்தது. சுற்றுப்பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். 2005 ஆகஸ்டில் கிள்ளானும் கோலா சிலாங்கூரும் மூச்சுத் திணறியபோதுதான் எண்ணை வெளியே சொன்னார்கள். இன்று கைத்தொலைபேசியில் ஐ.பி.யு. என்று அந்தக் குறியீட்டைப் பார்க்கிறோமே, அது சும்மா கிடைத்ததில்லை. மக்கள் கேட்டதால் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஒன்றும் நடக்காது என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். 2015 தீக்குப் பிறகு அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோகோவி 2016 ஜனவரியில் சதுப்பு நிலங்களை மீட்கவே தனி அமைப்பை உருவாக்கினார். 20 லட்சம் ஹெக்டர் இலக்கு. கால்வாய்களுக்குக் குறுக்கே தடுப்புக் கட்டி, வடிந்த தண்ணீரை மறுபடி தேக்கும் வேலை அது. அடுத்த சில ஆண்டுகள் 2015 போன்ற புகை வரவில்லை. மழையும் கைகொடுத்தது, உண்மைதான். ஆனால் மேலிடம் மனம் வைத்தால் கீழே வேலை நடக்கும் என்பதும் தெரிந்தது. பிறகு கவனம் தளர்ந்தது, 2019-இல் வறட்சி வந்தது, 16 லட்சம் ஹெக்டர் எரிந்தது. அப்போது நம் அமைச்சர் இயோ பீ யினும் அவர்கள் அமைச்சர் சித்தி நூர்பாயாவும் புகை யாருடையது என்று அறிக்கைகளில் மோதிக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சண்டையில் ஒரு விஷயம் நமக்கு நேராக வந்தது. தீ பிடித்ததாக இந்தோனேசியா முத்திரை வைத்த நிலங்களில் மலேசிய நிறுவனங்களோடு தொடர்புள்ளவையும் இருந்தன. ஆக, அங்கே எரிவது அவர்கள் காடு மட்டும் இல்லை, இங்கிருந்து போன முதலீடும் அதில் இருக்கலாம். நம் ஊழியர் சேமநிதியும் பெரிய தோட்ட நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கிறது. அவர்கள் தீ வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நாம் மாதாமாதம் கட்டும் பணம் எங்கே போகிறது, அந்த நிறுவனங்கள் கடலுக்கு அப்பால் எப்படி நடந்துகொள்கின்றன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்கிறேன்.

தீ வைக்காமல் தோட்டம் போட முடியாதா? முடியும் என்று உலகத்துக்குக் காட்டியதே மலேசியத் தோட்டங்கள்தான். பழைய மரத்தைச் சாய்த்து, இயந்திரத்தால் துண்டு துண்டாகச் சீவி, வரிசைகளுக்கு நடுவே பரப்பி மக்கவிடும் முறையை கோல்டன் ஹோப் நிறுவனம் செய்து காட்டி 1992-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் குளோபல் 500 விருதை வாங்கியது. ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் மறுநடவு பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம்: கறுத்து நாரான தண்டுக் குவியல், அதன் மேல் படரும் கொடி, நடுவே கன்று. அந்தக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, இளங்கன்றின் குருத்தைத் துளைத்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வண்டுக்குப் பொறி வைக்க வேண்டும், மருந்தடிக்க வேண்டும், ஆள் வைக்க வேண்டும். அதற்கெல்லாம் செலவாகும். தீக்குச்சிக்கு அவ்வளவு செலவு இல்லை. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் எல்லாம் சிக்கிக் கிடக்கிறது. சிறு விவசாயியிடம் இயந்திரம் இல்லை, பணமும் இல்லை.

துபாயிலும் பாக்குவிலும் நடந்த வாக்குவாதமும் இதே செலவைப் பற்றியதுதான். பணக்கார நாடுகள் காலங்காலமாக எரித்து வளர்ந்தன. இப்போது எரிக்காதே என்றால் மாற்று வழிக்குப் பணம் யார் தருவது? பாக்குவில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று பேசி முடித்தார்கள். போதாது என்று ஏழை நாடுகள் அங்கேயே சொல்லிவிட்டன. பருவநிலைக்கான பாரிஸ் ஒப்பந்தத்தைவிட்டு அமெரிக்கா ஒருமுறை வெளியேறியது, திரும்பி வந்தது, 2025-இல் மறுபடி வெளியேற உத்தரவிட்டது. இப்படி இருந்தால் மற்றவர்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

மலேசியாவும் முதலில் நிபந்தனையோடுதான் பேசியது. 2009-இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் அப்போதைய பிரதமர் நஜிப், 40 விழுக்காடு குறைக்கிறோம், ஆனால் தொழில்நுட்பமும் பணமும் தர வேண்டும் என்றார். 2021-இல் 45 விழுக்காடு, நிபந்தனை எதுவும் இல்லை என்று மாறினோம். இரண்டுமே 2005-ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு, பொருளாதார வளர்ச்சியின் அளவுக்கு எவ்வளவு கரிமம் என்ற கணக்கில் சொன்னவை. அதே 2021-இல், விரைவாக நடந்தால் 2050-க்குள் நிகர சுழியம், அதாவது வெளியேற்றும் கரிமமும் உறிஞ்சப்படும் கரிமமும் சமம், என்றும் அறிவித்தோம். இது நல்ல மாற்றம், பாராட்ட வேண்டும். பாராட்டிவிட்டுக் கணக்கும் கேட்க வேண்டும்.

உலக ஒப்பந்தம் எதுவுமே உருப்பட்டதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மொன்ட்ரியலில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏர்கோனுக்கும் போடும் கேஸ் மாறியது அதனால்தான். சேராத நாட்டோடு அந்தப் பொருள்களில் வியாபாரம் கிடையாது என்று விதி வைத்தார்கள், ஏழை நாடுகளின் தொழிற்சாலைகள் மாற நிதியும் கொடுத்தார்கள். உலகின் எல்லா நாடுகளும் சேர்ந்தன. ஓசோன் படலம் மெல்லத் தேறி வருகிறது. புகை ஒப்பந்தத்தில் அந்த விதியும் இல்லை, அந்த அளவுக்குப் பணமும் இல்லை.

சிங்கப்பூர் 2014-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டில் தீ மூட்டிப் புகையை அனுப்பும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 1,00,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் போடலாம். ஆதாரம் திரட்டுவது கடினம் என்கிறார்கள். இருக்கட்டும், சட்டம் கையில் இருக்கிறதே. மலேசியாவிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று 2019-இல் வேலை தொடங்கியது. ஆட்சி மாறியதும் அது ஓரமாகப் போய்விட்டது. அதற்காக எத்தனை பேர் குரல் கொடுத்தோம்?

என் வருத்தமெல்லாம் இதுதான். புகை வந்தால் எல்லோரும் பேசுகிறோம். பள்ளியை மூடு, மாஸ்க் கொடு, செயற்கை மழை பெய்ய வை என்கிறோம். அமைச்சர்களும் அவசரமாகக் கடிதம் எழுதுகிறார்கள். மழை வந்ததும் நாமும் மறந்துவிடுகிறோம், அவர்களும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் கால்வாயை அடைப்பதும், சட்டம் எழுதுவதும், சிறு விவசாயிக்கு இயந்திரம் வாங்கித் தருவதும் மழைக்காலத்தில் செய்ய வேண்டிய வேலை. ஆசியான் நாடுகள் முதலில் 2020-க்குள் புகையில்லா வட்டாரம் என்றன. அது நடக்கவில்லை. இப்போது 2030 என்கின்றன. 2030 வெகு தூரத்தில் இல்லை.

மலாக்காவுக்கு ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வெளியுறவும் இந்தச் சட்டமும் அவர்கள் அமரும் அவையின் பொறுப்பு. கோயில் திருவிழாவுக்கும் பள்ளி விழாவுக்கும் மாலை போட்டு அழைக்கிறோம், கூரைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் மானியம் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அதோடு இதையும் ஒரு வரி கேளுங்களேன்: புகைமூட்டச் சட்டம் எந்த நிலையில் இருக்கிறது? 2030 இலக்குக்கு நம் நாடு இந்த ஆண்டு என்ன செய்தது? பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு கடிதமாகவே எழுதிக் கொடுக்கலாம். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

இன்னொரு உதவியும் வேண்டும். 1997, 2013, 2015, 2019, இந்த ஆண்டுகளில் உங்கள் வீட்டில் நடந்ததை எழுதி அனுப்புங்கள். எந்தத் தோட்டம் அல்லது தாமான், பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, எத்தனை நாள் கூலி போனது, கிளினிக்குக்கு எவ்வளவு செலவானது. பழைய ரசீது, சம்பளச் சீட்டு இருந்தால் படம் பிடித்து அனுப்பலாம். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். வறண்ட மாதங்கள் தொடங்கும் முன் அவற்றைத் தொகுத்து வெளியிட்டு, ஆறு உறுப்பினர்களின் அலுவலகத்துக்கும் நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்